வீட்டைத் தூக்கும் பனிக்கட்டி

கண்ணாடிப் புட்டியில் தண்ணீரை நிரப்பி, இறுக மூடி ஃப்ரீசரில் வைத்தால் காலையில் அது வெடித்துக் கிடக்கும். உறையும் தண்ணீர் சுமார் 9 சதவீதம் பெருக்கிறது.

குளிர்நாடுகளில் அஸ்திவாரத்துக்கு அடியிலும் இப்படி நடக்கும். ஆனால், அங்கே காரணம் இந்தப் பெருக்கம் மட்டுமல்ல. விளக்குத்திரி எண்ணெயை இழுப்பதுபோல, உறையும் வண்டல் மண் கீழேயிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். அந்த ஈரம் தகடு தகடாக உறைந்து மண்ணை மேலே தள்ளும். சுவர் விரிசல் விடும். கதவு நிலையில் சிக்கும். அமெரிக்க நிலவியல் அறிஞர் ஸ்டீபன் டேபர் 1930 வாக்கில் இந்த உறிஞ்சலைச் சோதித்துக் காட்டினார். தண்ணீருக்குப் பதிலாக, உறைந்தால் சுருங்கும் பென்சீனை ஊற்றியபோதும் மண் உயர்ந்தது!

தடுப்பது எப்படி? உறைபனி எட்டாத ஆழத்தில் கடைக்கால் போடலாம். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்து வடபகுதியில் 5 அடி ஆழம் வேண்டும் என்கிறது கட்டட விதி. நார்வே, ஸ்வீடனில் ஆழம் குறைந்த அஸ்திவாரத்தைச் சுற்றி மண்ணுக்குள் பாலிஸ்டைரீன் பலகைகளைப் பதிக்கிறார்கள்; வீட்டின் சூடு மண்ணிலேயே தங்கிவிடும். அடியில் சரளை பரப்பி நீரை வடியவிடுகிறார்கள்.

குளிர், ஈரம், வண்டல் போன்ற நுண்மண் மூன்றும் சேர்ந்தால்தான் ஆபத்து. ஒன்றை விலக்கினாலே வீடு அசையாது. எந்த ஊரானாலும், சுவர் எழுப்புமுன் மண்ணைத் தெரிந்துகொள்ளுங்கள்!