பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுப்போம்



தோட்டப்புறங்களில் உள்ள சிறிய தேவாலயங்கள் பலவற்றிற்குப் போதகர் வாரந்தோறும் வர இயலுவதில்லை. பல தோட்டங்களை ஒருவரே கவனிக்க வேண்டியிருக்கிறது. அவர் வராத ஞாயிறுகளில் ஆராதனையைத் தாங்கி நிற்பவை எவை? நம் பெரியவர்கள் மனப்பாடமாக வைத்திருக்கும் பாட்டுகள்தாம். ஒரு வீட்டில் சாவு விழுந்தால், இரவெல்லாம் விழித்திருந்து ஆறுதல் சொல்பவையும் அவையே. அந்தப் பெரியவர்களுக்குப் பிறகு அவற்றைப் பாடப்போவது யார்? இதைத்தான் இன்று சற்றுச் சிந்திக்கப் போகிறோம்.

எழுத்தறியாத பாட்டி எத்தனையோ பாட்டுகளை அடி பிசகாமல் பாடுவார். பள்ளிக்குப் போகும் பேரப்பிள்ளையோ அதே பாட்டை ஆங்கில எழுத்தில் எழுதி வைத்துப் படிக்கிறது. அவசரத்திற்கு அது உதவலாம். ஆனால் அப்படி எழுதினால் 'வேலை'யும் 'வேளை'யும் ஒன்றாகிவிடும். எழுத்து மங்கினால் பொருளும் மங்கிவிடும் அல்லவா?

ஆகவே மூன்று படிகளாகச் சொல்லிக் கொடுப்போம். முதலில் காது, அடுத்து கருத்து, பிறகு எழுத்து.

முதற்படி காது. தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) போன்றோர் இயற்றிய கீர்த்தனைகள் நம் நாட்டு இராகங்களில் அமைந்தவை. கீர்த்தனையில் பல்லவி திரும்பத் திரும்ப வரும். அதை மட்டும் முதல் வாரம் பழக்குவோம். சரணத்தைப் பெரியவர்கள் பாடட்டும். பல்லவியைப் பிள்ளைகள் வாங்கிப் பாடட்டும். இரண்டு மூன்று வாரங்களில் சரணமும் தானாகவே காதில் ஏறிவிடும். ஆண்களின் குரல் தாழ்ந்தது; அதைச் சின்னஞ்சிறு பிள்ளைகள் பிடிப்பது கடினம். எனவே தாயோ அக்காளோ முதலில் பாடிக் காட்டுவது நல்லது. உரக்கக் கத்தும்படி பிள்ளைகளைத் தூண்டக் கூடாது. தொண்டை கட்டும், சுருதியும் போய்விடும்.

இரண்டாம் படி கருத்து. 'கிருபை' என்று பிள்ளை பாடுகிறது. அதன் பொருள் என்னவென்று கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் விழிக்கும். நமக்குத் தெரிந்த வாழ்க்கையிலிருந்தே விளக்கலாம். அடைமழையால் வேலை நாள் குறைந்து, கடைப் பாக்கி ஏறிவிட்டது. நாம் கேட்காமலே கடைக்காரர் பாக்கியை அடித்துவிட்டால் எப்படி இருக்கும்? தகுதி பார்க்காமல் கிடைக்கும் அந்தத் தயவுதான் கிருபை என்று சொன்னால், பிள்ளை அதை மறக்காது. ஒரு பாட்டுக்கு மூன்று சொற்களை இப்படி விளக்கினாலே போதும்.

மூன்றாம் படி எழுத்து. பாடத் தெரிந்த பாட்டைத் தமிழ் எழுத்தில் பெரிதாக எழுதிச் சுவரில் ஒட்டுவோம். பிள்ளை பாடிக்கொண்டே ஒவ்வொரு சொல்லாக விரல் வைத்துக் காட்டட்டும். அடுத்து என்ன சொல் வரும் என்பது முன்னமே தெரிந்திருப்பதால், எழுத்து அச்சமூட்டாது. தமிழைப் பாடமாகப் படிக்காத பிள்ளையும் இவ்வாறு எழுத்துக் கூட்டத் தொடங்கும். தேவாரம் சொல்லிக் கொடுக்கும் கோயில் வகுப்புகளுக்கும் இம்முறை நன்கு பொருந்தும்.

மாதத்திற்கு ஒரு பாட்டு என்று வைத்துக்கொண்டால், ஆண்டுக்குப் 12 பாட்டுகள். ஆறு வயதில் தொடங்கும் பிள்ளைக்குப் பன்னிரண்டு வயது நிறையும்போது 70க்கு மேற்பட்ட பாட்டுகள் சொந்தமாகியிருக்கும். வேலை தேடிப் பட்டணம் போனாலும் அவை கூடவே போகும்.

இதற்குப் பெரிய செலவு எதுவும் இல்லை. இன்றிரவு சாப்பாடு முடிந்ததும், வீட்டில் மூத்தவரைப் பக்கத்தில் உட்கார வைத்து, அவருக்குப் பிடித்த பாட்டின் பல்லவியைப் பாடச் சொல்லுங்கள். பிள்ளைகள் கேட்கட்டும். பிறகு அவர்களும் சேர்ந்து பாடட்டும்.