விழுந்தவனைத் தூக்கும் கை

(‘சோதனையிலிருந்து மனிதனை மீட்பது தன்னம்பிக்கையா, உறவுகளா?’ என்ற பட்டிமன்றத்தில், ‘உறவுகளே’ என்ற அணியில் பேசியது)



எனக்கு முன்னால் பேசிய நண்பர் மேஜையைத் தட்டித் தட்டிச் சொன்னார்: “தன்னம்பிக்கை இருந்தால் எவன் தயவும் தேவையில்லை!” சொல்லி முடித்ததும் என்ன செய்தார்? பக்கத்தில் திரும்பி, “தம்பி, கொஞ்சம் தண்ணி கொடுப்பா” என்றார். (சிரிப்பு, கைதட்டல்)

தண்ணீர் என்றதும் எனக்கு ஹெலன் கெல்லர் ஞாபகம் வருகிறார். பத்தொன்பது மாதக் குழந்தையாக இருந்தபோது நோயில் பார்வையும் போயிற்று, காதும் போயிற்று. 1887-ல் ஆன் சல்லிவன் என்ற ஆசிரியை அந்தக் குழந்தையின் ஒரு கையில் தண்ணீரை விழவைத்து, மறு கையில் விரலாலேயே அதன் பெயரை எழுத்து எழுத்தாக உணர்த்தினார். உலகத்துப் பொருளுக்கெல்லாம் பேர் உண்டு என்று அந்தப் பிள்ளைக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. ஐயா, இருட்டில் கிடந்த பிள்ளைக்குத் தன்னம்பிக்கை எங்கிருந்து வரும்? முதலில் ஒரு கை வந்தது. அப்புறம்தான் நம்பிக்கை வந்தது.

எதிரணித் தலைவி நம்ம சேலத்து மாரியப்பன் தங்கவேலுவைச் சொன்னார். அஞ்சு வயசில் பஸ் ஏறிக் கால் நசுங்கிய பிள்ளை. 2016-ல் ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வாங்கினார். 2021-ல் டோக்கியோவில் வெள்ளி, 2024-ல் பாரிஸில் வெண்கலம். தாண்டியது அவர்தான், யார் இல்லை என்றார்கள்? ஆனால் காய்கறி விற்று அவரை வளர்த்த தாயை மறந்துவிட்டீர்களே அம்மா! மகனின் வைத்தியத்துக்கு வாங்கிய கடனை வருஷக்கணக்காகச் சுமந்தவர் அந்தத் தாய். அவரும் தாண்டினார், தினம் தினம். அதற்கு யாரும் மெடல் கொடுக்கவில்லை. (கைதட்டல்)

கடைசியாக எங்கள் வீட்டுக் கதை. அப்பா வேலை பார்த்த மில்லை ஒருநாள் பூட்டிவிட்டார்கள். அப்பா திண்ணையில் உட்கார்ந்தார், யாரிடமும் பேச்சில்லை. மூன்று மாதம் கழித்து மளிகைக் கடை அண்ணாச்சி வந்து நின்றார். பாக்கியைக் கேட்கத்தான் வந்திருக்கிறார் என்று அம்மா உள்ளே போய் ஒளிந்துகொண்டாள். அவரோ, “அண்ணே, கடையில ராத்திரி கணக்கு எழுத ஆளில்லை. நீங்க வந்தா உபகாரமா இருக்கும்” என்றார்.

அன்றைக்கு ராத்திரி அப்பா சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு கிளம்பியது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது: அண்ணாச்சிக்குக் கணக்கு எழுத ஆளே தேவையில்லை. அவர் பையனே எழுதிக்கொண்டிருந்தான்!

உதவி செய்தவர், உதவி கேட்பவர் மாதிரி வந்து நின்றாரே, அதுதான் ஐயா உறவு! அதிலிருந்துதான் அப்பாவின் தன்னம்பிக்கை மறுபடி துளிர்த்தது.

இதைப் பார்த்துக்கொண்டிருக்கிற உங்கள் தெருவிலும் ஒரு திண்ணையில் ஒருத்தர் பேசாமல் உட்கார்ந்திருக்கலாம். நிகழ்ச்சி முடிந்ததும் போய், “என்னண்ணே, சாப்பிட்டாச்சா?” என்று கேட்டுப் பாருங்கள். தீர்ப்பை அவர் முகமே சொல்லும்.