மழை பெய்யாத ஊருல மழை: மோஷன் பிளர் எப்படி வேலை செய்யுது?

போன எபிசோட்ல லேயர்ஸ் பத்திப் பேசினோம். இன்னைக்கு மோஷன் பிளர். கூடவே நான் வாங்கிக் கட்டிக்கிட்ட ஒரு கதையும் இருக்கு.

போன புரட்டாசியில மல்லாங்கிணறு போயிருந்தேன். எங்க காடு கரிசல், மானாவாரி. மழை பெஞ்சாத்தான் விதைப்பு. எங்க தெருவை ஒரு போட்டோ எடுத்து, சும்மா இருக்கமாட்டாம ஜிம்ப்ல மழை வரவச்சேன்.

செய்முறை இதுதான். போட்டோவுக்கு மேல ஒரு கறுப்பு லேயர். அதுல நாய்ஸ் ஃபில்டர் போட்டா உப்பு தூவின மாதிரி புள்ளி புள்ளியா வரும். கலர் இல்லாம வச்சுக்கோங்க. லெவல்ஸ்ல புள்ளிகளைக் குறைங்க. அப்புறம் பிளர் மெனுல லீனியர் மோஷன் பிளர். நீளம் 40 பிக்சல், கோணம் 80 டிகிரி வச்சேன். கடைசியா லேயர் மோடை ஸ்கிரீன்னு மாத்தினா கறுப்பு மறைஞ்சு கோடு மட்டும் நிக்கும்.

உள்ள நடக்குறது வெறும் சராசரி கணக்குதான். காஸியன் பிளர் ஒவ்வொரு பிக்சலையும் சுத்தி எல்லாத் திசையிலயும் இருக்குற பிக்சல்களோட கலக்கும். மோஷன் பிளர் ஒரே கோட்டுல இருக்குறதோட மட்டும் கலக்கும். அதனால புள்ளி கோடாகுது. கேமராவும் இதையேதான் செய்யுது. பெரிய மழைத்துளி நொடிக்கு 9 மீட்டர் வேகத்துல விழும். ஷட்டர் 1/60 நொடி திறந்திருந்தா அதுக்குள்ள 15 சென்டிமீட்டர் இறங்கிரும். படத்துல அது கோடு.

இன்னொரு டிப்: கிட்ட விழுற மழைக்கு நீளமான கோடு, தூரத்து மழைக்குச் சின்னக் கோடுன்னு ரெண்டு லேயர் வையுங்க.

படத்தைக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல போட்டேன். ஒரு வார்த்தையும் எழுதல. அரைமணி நேரத்துல திருப்பூர்ல இருந்து மாமா போன்: "மாப்ள, நல்ல மழையா? டிராக்டருக்குச் சொல்லிட்டேன். நைட்டு பஸ் ஏறுறேன்." எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. உண்மையைச் சொன்னதும் அவரு திட்டக்கூட இல்ல. "சரிப்பா"ன்னு வச்சுட்டாரு. அந்த "சரிப்பா" இன்னும் காதுல கேக்குது.

பக்கத்துல இருந்த அப்பத்தா படத்தைப் பாத்த உடனே கேட்டுச்சு: "மழைங்குற, மண்ணு கறுக்கவே இல்லையேடா?" கரிசல் நனைஞ்சா இன்னும் கறுத்துப் போகும். கோடு போடுறது ஃபில்டருக்குத் தெரியும், மண்ணு நனையும்னு தெரியாது. தரையை நாமதான் இருட்டாக்கணும்.

அப்படி ஆக்கினா அப்பத்தாவையும் ஏமாத்திரலாம். அதனாலதான் சொல்றேன், செஞ்சு பாருங்க, பகிருங்க. ஆனா படத்து மேலயே "எடிட் பண்ணது"ன்னு எழுதிருங்க. அடுத்த எபிசோட்ல பாப்போம்.