ரோஜா அத்தரும் ஊதும்

  

ஜும்ஆவுக்குக் குளித்து நறுமணம் பூசிச் செல்வது நபி (ஸல்) அவர்கள் காட்டித்தந்த வழிமுறையாகும். ஆனால், எதனைப் பூசுவது? கடையில் கிடைக்கும் சாதாரண ரோஜா அத்தர் மென்மையானது, விரைவில் மங்கிவிடும். ஊத் கனமானது, ஆடையில் நெடுநேரம் நிலைக்கும், விலையும் மிக அதிகம். இளைஞர் உள்ளம் ஊதை நாடுவது இயல்பே. அதில் தவறில்லை.

எனினும், அது பிறக்கும் விதத்தைச் சிந்தியுங்கள். காயமுற்ற மரத்தில் பங்கசு தொற்றும்போது, மரம் தன்னைக் காக்கச் சுரக்கும் பிசினிலிருந்தே அம்மணம் கிடைக்கிறது. நமது நாட்டின் ஈரவலயக் காடுகளிலுள்ள வல்லப்பட்டை மரத்திலும் அது உண்டாகிறது. எம்மரத்தில் பிசின் உண்டென்பது வெளியே எளிதில் தெரியாது. ஆகவே, களவாக வெட்டுவோர் பல மரங்களை வீணே வீழ்த்துகின்றனர். 2012 முதல் கட்டுநாயக்க விமான நிலையத்தில் வல்லப்பட்டைக் கடத்தல்கள் பலமுறை பிடிபட்டுள்ளன.

இளைஞனே! நறுமணம் சுன்னத்து, ஹலாலைத் தேடுவதோ கடமை. பெற்றோரே! பிள்ளை கொண்டுவரும் குப்பியின் விலையை மட்டுமன்றி, அது வந்த வழியையும் அன்போடு கேளுங்கள். முறையாகப் பயிரிட்ட மரத்தின் ஊதென்று உறுதியானால், தாராளமாகப் பூசுங்கள். ஐயமிருப்பின் ரோஜாவே போதும். அதன் மணம் சீக்கிரம் மறைந்தாலும் மனம் நிம்மதியாயிருக்கும்.

அல்லாஹ் நம் அனைவருக்கும் நல்லருள் புரிவானாக! ஆமீன்.