ஐபி வலையில் சுரங்கப்பாதைகள்

இணையத்தில் போகும் ஒவ்வொரு பாக்கெட்டின் முன்னாலும் ஹெடர் என்ற பகுதி உண்டு. வழியிலுள்ள ரௌட்டர்கள் அதிலிருக்கும் முகவரியைப் பார்த்துத்தான் பாக்கெட்டை அடுத்த இடத்துக்கு அனுப்புகின்றன. முகவரி பிடிபடாவிட்டால் பாக்கெட் அங்கேயே கைவிடப்படும். அப்படிப்பட்ட பாக்கெட்டையும் கொண்டுசேர்க்கும் வழிதான் டனலிங், அதாவது சுரங்கப்பாதை அமைத்தல். உறையிட்ட கடிதத்தை இன்னொரு உறைக்குள் போடுவதுபோல, முழு பாக்கெட்டுக்கும் மேலே புதிய ஐபி ஹெடர் சேர்க்கப்படுகிறது. நடுவழி ரௌட்டர்களுக்கு வெளி முகவரி போதும். மறுமுனையில் அந்த ஹெடரை உரித்ததும் பழைய பாக்கெட் அப்படியே வெளிப்பட்டுத் தன் வழியில் போகிறது.

இதன் வரலாற்றில் வானொலி நேயர்களுக்கு நெருக்கமான பக்கம் ஒன்று உண்டு. இணைய நெறிமுறைகளை வகுக்கும் ஐஇடிஎஃப் அமைப்பு 1992 மார்ச்சில் சான் டியேகோவில் கூடியபோது, அங்கு நடந்த பேச்சுகள் இணையம் வழியே 3 கண்டங்களில் 20 இடங்களுக்கு நேரடியாக ஒலிபரப்பாயின. ஒரே ஒலியைப் பலருக்கு ஒருசேர அனுப்பும் மல்டிகாஸ்ட் முறையை ஸ்டீவ் டீரிங் வகுத்திருந்தார். அன்றைய ரௌட்டர்களில் பெரும்பாலானவை அதை அறியாதவை. எனவே அது தெரிந்த கணினிகள் அங்கங்கே சிதறிக் கிடந்தன. அவற்றை டனல்கள்தாம் கோத்தன. எம்போன் என்று பெயர் பெற்ற அந்த வலையில், போகவேண்டிய வழி முதலில் பாக்கெட்டிலேயே குறிக்கப்பட்டது. அது ரௌட்டர்களுக்குச் சுமையானதால், பின்னர் மேலுறை இடும் முறை வந்தது. நடுவழி ரௌட்டர் ஒன்றையும் மாற்றாமல் புதிய வலை ஒன்று எழுந்துவிட்டது. டனலிங்கின் ஆகப் பெரிய அழகு இதுதான்.

1994-இல் ஆர்எஃப்சி 1701 என்ற ஆவணமாக வெளியான ஜிஆர்இ என்ற டனலிங் முறை, ஐபி அல்லாத நெறிமுறைகளின் பாக்கெட்டுகளுக்கும் இடம் கொடுத்தது. ஆனால் இடம் செலவாகிறது: வெளி ஹெடர் 20 பைட், ஜிஆர்இ ஹெடர் 4 பைட். 1,500 பைட் கொள்ளும் ஈதர்நெட்டில் உள்ளே 1,476 பைட்தான் மிஞ்சும். இதைக் கவனிக்காத அலுவலகங்களில் சிறிய சோதனைப் பாக்கெட்டான பிங் ஒழுங்காகப் போகும், பெரிய கோப்பு மட்டும் நகராது. பாக்கெட் பெரிது என்று ரௌட்டர் திருப்பியனுப்பும் ஐசிஎம்பி செய்தியை வழியில் ஒரு ஃபயர்வால் தடுத்திருக்கும். ஒரு பாக்கெட்டில் டிசிபி அனுப்பும் தரவின் உச்ச அளவான எம்எஸ்எஸ்ஸை 1,436 ஆகக் குறைத்தால் கோப்பு போய்ச் சேரும்.

ஜிஆர்இ எதையும் மறைப்பதில்லை. ரகசியம் வேண்டுமானால், உள்ளிருப்பதைக் குறியாக்கி அனுப்பும் ஐபிசெக் உண்டு. 2020-இல் லினக்ஸ் 5.6 கெர்னலில் சேர்ந்த வயர்கார்டும் உண்டு. தரவு மையங்களில் தேவை வேறு: ஒரே வலையைப் பல தனிப் பிரிவுகளாகப் பிரிப்பது. அப்படிப் பிரிக்கும் விலான் முறையின் எண்ணுக்கு 12 பிட்டே இருப்பதால் 4,094 பிரிவுகளைத் தாண்ட முடியாது. விஎக்ஸ்லான் என்ற டனலிங் முறை 24 பிட் தருகிறது, சுமார் 1.68 கோடி பிரிவுகள். அதில் முழு ஈதர்நெட் ஃபிரேமும் யுடிபி 4789-ஆம் போர்ட் வழியே ஐபிக்குள் பயணிக்கிறது.