அயலிலுள்ள செஞ்சூரியனும் அதன் கிரகமும்

வைகாசி, ஆனி மாதங்களின் முன்னிரவிலே இலங்கையின் எப்பகுதியிலேனும் மறைப்பில்லாத வெளியொன்றில் நின்று தென்றிசையை நோக்குவோர், அடிவானுக்குச் சற்று மேலே அடுத்தடுத்துத் துலங்கும் இரு பெரு விண்மீன்களைக் காண்பர். அவற்றுக்கு மேற்கே தெற்குச் சிலுவை தோன்றும். அவ்விரண்டினுள் கிழக்கே உள்ளதும் ஒளி கூடியதுமாகிய விண்மீனுக்கு அல்பா செந்தோரி என்பது பெயர். வெறுங்கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றும் அது உண்மையில் இரட்டை விண்மீன். அவ்விரட்டையருக்கு இளையவன் ஒருவனும் உண்டு. நான்கு முழுமதிகளை வரிசையாக வைத்தாற்போன்ற தொலைவில் அவன் ஒதுங்கி நிற்கின்றான். ஆயினும் எவர் கண்ணுக்கும் அவன் புலப்படுவதில்லை. கண்ணாற் காணக்கூடிய மிக மங்கலான விண்மீனிலும் அவன் நூறு மடங்கு மங்கியவன்.

இவ்விண்மீனை 1915ஆம் ஆண்டிலே தென்னாபிரிக்காவின் யொகன்னசுபேர்க் வானாய்வு நிலையத்தைச் சேர்ந்த றொபேட் இன்னெசு என்பார் கண்டுபிடித்தார். வெவ்வேறு ஆண்டுகளில் எடுக்கப்பட்ட ஒளிப்படத் தட்டுகளை ஒப்பிட்டபோது, சிறு புள்ளியொன்று அல்பா செந்தோரியோடு சேர்ந்து வானில் நகர்ந்திருப்பதை அவர் கண்டார். சூரியனை விட்டால் மனிதனுக்கு மிக அண்மையிலுள்ள விண்மீன் இதுவே. ஆதலால் அண்மையானது என்று பொருள்படும் இலத்தீன் சொல்லைக் கொண்டு புறொக்சிமா செந்தோரி எனப் பெயரிட்டனர். அண்மை என்பதும் வானநூலார் கொண்ட அண்மையே. அதன் தூரம் 4.24 ஒளியாண்டுகள், அதாவது ஏறக்குறைய 40 இலட்சம் கோடி கிலோமீற்றர். இன்றிரவு ஒரு வானொலி நிலையத்திலிருந்து புறப்படும் சொல் அங்கே போய்ச்சேர நான்கு ஆண்டுகளும் மூன்று மாதங்களும் செல்லும். 1977இல் ஏவப்பட்ட வொயேசர் கலம் செல்லும் வேகத்திலே, செக்கனுக்கு 17 கிலோமீற்றராகப் பயணஞ் செய்தால், 75,000 ஆண்டுகள் ஆகும்.

புறொக்சிமா செங்குள்ளன் என்னும் இனத்தைச் சேர்ந்தது. விண்மீன்களிற் பெரும்பாலானவை இவ்வினத்தவையே. அவற்றில் ஒன்றேனும் வெறுங்கண்ணுக்குத் தெரியாமையால் மக்கள் இதனை அறியார். புறொக்சிமாவின் திணிவு சூரியனின் திணிவில் எட்டிலொரு பங்கு மட்டுமே. சூரியனின் மேற்பரப்பு 5,500 பாகை சதம வெப்பமுடையதாயிருக்க, இதன் மேற்பரப்பு 2,700 பாகை அளவிலே சிவந்து கனல்கின்றது. சிக்கனமாக எரிவதால் ஆயுளும் பெரிது. சூரியனின் வாழ்நாள் ஏறத்தாழ 1,000 கோடி ஆண்டுகள். செங்குள்ளன்களோ இலட்சம் கோடி ஆண்டுகளுக்கும் அப்பால் எரிந்துகொண்டிருக்கும்.

இத்தகைய விண்மீனைக் கிரகமொன்று சுற்றுவதாக 2016ஆம் ஆண்டு ஓகத்து மாதத்தில் அறிவிக்கப்பட்டது. கிலெம் அங்கிலாடா எசுகுடே தலைமையிலான ஆய்வுக் குழுவினர், சிலி நாட்டின் லா சில்லா மலையிலுள்ள 3.6 மீற்றர் தொலைகாட்டியைக் கொண்டு அதனைக் கண்டனர். கிரகத்தை எவரும் பார்த்தாரல்லர். கிரகம் சுற்றும்போது தன் ஈர்ப்பினால் விண்மீனையும் சிறிது அசைக்கின்றது. விண்மீன் நெருங்கும்போது அதன் ஒளியலைகள் சற்று நெருங்கியும், விலகும்போது சற்று அகன்றும் வருகின்றன. அந்த நுண்ணிய வேறுபாட்டிலிருந்தே புறொக்சிமா 11.2 நாட்களுக்கொருமுறை முன்னும் பின்னும் அசைவது தெரிந்தது. அவ்வசைவின் வேகம் மணிக்கு ஏறக்குறைய ஐந்து கிலோமீற்றர். சந்தைக்குச் செல்லும் ஒருவரின் நடைவேகம் அது! 40 இலட்சம் கோடி கிலோமீற்றருக்கு அப்பால் அதனை அளந்தறிந்தமை இந்நூற்றாண்டின் அரிய செயல்களில் ஒன்றென்றே கொள்ளவேண்டும்.

கிரகத்தின் திணிவு பூமியின் திணிவிலும் குறைந்தது அன்று. சற்றுக் கூடுதலாக இருத்தல் கூடும். தன் சூரியனிலிருந்து ஏறத்தாழ 73 இலட்சம் கிலோமீற்றர் தூரத்திலேயே அது சுற்றுகின்றது. சூரியன் மங்கலாயினும் கிரகம் இத்துணை அண்மையில் இருப்பதால், பூமி பெறும் ஒளியாற்றலில் மூன்றிலிரண்டு பங்களவு அதற்குக் கிடைக்கின்றது. தக்க வளிமண்டலம் இருந்தால் அங்கே நீர் திரவமாக நிலைக்கலாம். இதனைக் கேட்ட மாத்திரத்தே இரண்டாம் பூமி அகப்பட்டுவிட்டதென்று செய்தியாளர் பலர் எழுதிவிட்டனர். "இருந்தால்" என்னும் சொல்லை அவர்கள் கவனித்திலர். வளிமண்டலம் இல்லையாயின் அங்குச் சராசரி வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே 39 பாகையாகும்.

வளிமண்டலம் நிலைத்திருக்குமா என்பதே இங்குள்ள வழக்கு. புறொக்சிமாவின் உட்பகுதி முழுவதும் கொதிக்கும் உலைபோலப் புரண்டுகொண்டிருப்பது. அதனால் எழும் வலிய காந்தமண்டலம் அடிக்கடி முறுகி வெடித்துச் சுவாலைகளை வீசுகின்றது. 2016 மார்ச்சு மாதத்தில் எழுந்த ஒரு சுவாலையினால் விண்மீனின் ஒளி ஏறத்தாழ 70 மடங்கு பெருகியது. 2019 மே 1ஆந் திகதி எழுந்த சுவாலையோ, சில செக்கன்களுள் அதன் ஊதாக்கடந்த ஒளியை 14,000 மடங்காக்கியது. அண்மையிலே சுற்றும் கிரகத்தின் வளியை இவை சிறிது சிறிதாக அரித்துச் செல்லக்கூடும். திரப்பிசுற்று-1 என்னும் வேறொரு செங்குள்ளனின் மிக அண்மைக் கிரகத்தை யேம்சு வெபு விண்தொலைகாட்டி ஆராய்ந்து 2023இல் வெளிவந்த முடிவு, அது தடித்த வளியற்ற வெறும் பாறையாகவே காணப்படுவதைக் காட்டிற்று. எனினும் அக்கிரகம் பெறும் வெப்பம் மிகப் பெரிது; அதனை வைத்து இதனைத் தீர்த்துவிட இயலாது.

மேலும், சந்திரன் பூமிக்கு ஒரு முகத்தையே காட்டுவதுபோல, இக்கிரகமும் தன் சூரியனுக்கு ஒரு முகத்தையே காட்டிச் சுற்றுதல் கூடும். அவ்வாறாயின் ஒரு பாதியில் என்றும் பகல். மறுபாதியில் என்றும் இரவு. பகற்பாதியின் வானில், பூமியிலிருந்து தோன்றும் சூரியனிலும் மும்மடங்கு அகலமான செஞ்சூரியன் உதியாமலும் மறையாமலும் ஓரிடத்தே நிற்கும். வளி போதிய அளவு இருந்தால் காற்று வெப்பத்தை இருட்பாதிக்கும் கொண்டுசெல்லும். ஆகவே வழக்கு மீண்டும் வளியிலேயே வந்து நிற்கின்றது.

இக்கிரகம் தன் விண்மீனின் முகத்துக்குக் குறுக்கே சென்றதாகக் காணப்படவில்லை. அதனால் விண்மீனொளி கிரகத்தின் வளியூடாகப் புகுந்து வரும்போது அதனைச் சோதிக்கும் முறை இங்குப் பயன்படாது. விண்மீனின் பேரொளியிலிருந்து கிரகத்தின் சிற்றொளியைப் பிரித்தெடுத்தே ஆராய வேண்டும். இவ்வகை ஆய்வுக்கும் உதவத்தக்க 39 மீற்றர் அகலமான ஆடியையுடைய தொலைகாட்டியொன்று, சிலியின் ஆர்மசோனசு மலையுச்சியில் ஐரோப்பிய நாடுகளின் கூட்டு முயற்சியாற் கட்டப்பட்டு வருகின்றது. அது இயங்கத் தொடங்கியபின், அந்தச் சிற்றொளியில் நீராவியின் அடையாளமோ ஒட்சிசனின் அடையாளமோ உண்டா என வானநூலார் தேடுவர்.