ஜோடிக் கணக்கும் தொட்டிக் கணக்கும்



சென்னை கொளத்தூரில் வண்ண மீன் வாங்கியவர்களுக்குத் தெரியும், அங்கே பல மீன்களுக்கு ஜோடிக் கணக்கில்தான் விலை. கப்பி ஜோடி இவ்வளவு, மோலி ஜோடி இவ்வளவு. பிள்ளைகள் தொட்டிக்கு ஒரு ஜோடியாகக் கை காட்டிக்கொண்டே போக, கடைக்காரர் பையில் தண்ணீரும் ஆக்ஸிஜனும் நிரப்பி ரப்பர் பேண்டு போட்டு நீட்டுகிறார். வீட்டுக்கு வந்து எண்ணினால் இருபது உருப்படி தேறும். வைத்திருப்பதோ இரண்டடித் தொட்டி. முதல் வாரம் கண்ணுக்கு விருந்து. இரண்டாம் வாரம் காலையில் எழுந்தால் ஒன்று மிதக்கிறது, மறுநாள் இன்னொன்று. மீன் சரியில்லை என்று பழி கடைக்காரர் தலையில் விழுகிறது.

மீன் நன்றாகத்தான் இருந்திருக்கும். தண்ணீர்தான் தயாராக இல்லை. மீன் தன் உடற்கழிவில் பெரும்பகுதியை அம்மோனியாவாகச் செவுள் வழியே வெளியேற்றுகிறது. ஆற்றிலும் குளத்திலும் அது கரைந்து போய்விடும், கண்ணாடிக்குள் போக்கிடம் இல்லை. ஃபில்டர் பஞ்சிலும் கூழாங்கல்லிலும் குடியேறும் பாக்டீரியாக்கள் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை ஓரளவு தீங்கற்ற நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. புதுத் தொட்டியில் இந்தக் கூட்டம் வேரூன்ற நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். அதற்குள் இருபது மீனை இறக்கினால் சேரும் நஞ்சைத் தின்று தீர்க்க ஆளில்லை.

சரி, எத்தனை மீன்தான் விடலாம்? உலகம் முழுக்கப் புழங்கும் பழைய கணக்கு ஒன்று உண்டு: ஒரு காலன், அதாவது சுமார் 3.8 லிட்டர் தண்ணீருக்கு ஓர் அங்குல மீன். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரமுள்ள தொட்டி 56 லிட்டர் சொச்சம் கொள்ளும். கல்லும் மேலே விடும் இடைவெளியும் போனால் நிற்பது 45 லிட்டர். இந்தக் கணக்குப்படி பன்னிரண்டு அங்குல மீன். இன்னொரு கணக்கு நீரின் மேற்பரப்பைப் பார்க்கிறது; காற்றிலுள்ள ஆக்ஸிஜன் கலப்பது அங்கேதானே. வெப்பமண்டல மீன் ஓர் அங்குலத்துக்கு 12 சதுர அங்குலம் என்கிறது அது. அதே தொட்டிக்கு விடை 24 அங்குலம்! ஒரே தொட்டிக்கு இரண்டு விடை, ஒன்று மற்றதைப் போல இரு மடங்கு.

அங்குலக் கணக்கின் அடிப்படைக் கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது. மீன் நீளத்தில் வளரும்போது எடையில் பல மடங்கு பெருக்கிறது. பத்து அங்குல ஆஸ்கர் ஒன்று, ஓரங்குல மீன் பத்துக்குச் சமம் என்று காகிதத்தில் எழுதலாம். உருவம் ஒரே மாதிரி என்று வைத்துக்கொண்டால் அதன் எடை அந்தப் பத்தையும் சேர்த்ததைப் போல நூறு மடங்கு வரும். ஆகவே அங்குலக் கணக்கைச் சின்ன, ஒல்லியான மீன்களோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

நம் ஊருக்கு இன்னொரு அளவுகோலும் வேண்டும்: மே மாதத்தில் நள்ளிரவுக்கு மேல் கரண்ட் போகிற நேரம். 20 டிகிரியில் ஒரு லிட்டர் நீரில் ஏறத்தாழ 9 மில்லிகிராம் ஆக்ஸிஜன் கரைந்து நிற்கும். 30 டிகிரியில் ஏழரைதான். மீனுக்கோ வெப்பம் ஏற ஏற ஆக்ஸிஜன் தேவை கூடும். ஏர் பம்ப் நின்றுவிட்டது, செடிகளும் இருட்டில் ஆக்ஸிஜனை எடுத்துக்கொள்கின்றன. போர்வெல் தண்ணீர் காரத்தன்மை உள்ளதாக இருந்தால் அம்மோனியாவும் கொடிதாகிறது; பிஎச் 7-இலிருந்து 8 ஆனால் நச்சு வடிவிலுள்ள பங்கு ஏறக்குறைய பத்து மடங்காகும். எட்டு சின்ன மீன் உள்ள தொட்டி விடியும்வரை தாங்கும். இருபது உள்ளது மேற்பரப்பில் வாயைப் பிளந்து நிற்கும். எண்ணிக்கையை அந்த இரவை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

கூட்டம் குறைந்தால் அழகு போய்விடுமே என்பார்கள். தொட்டிக்குள் காடு வளர்ப்பதைக் கலையாக்கிய ஜப்பானியர் தகாஷி அமானோ, 2015-இல் லிஸ்பன் ஓஷனேரியத்தில் 40 மீட்டர் நீளத் தொட்டி அமைத்தார். 1,60,000 லிட்டர் நீர், சுமார் 10,000 மீன். பிரமிப்பாகத்தான் இருக்கிறது. வகுத்துப் பாருங்கள்: ஒரு மீனுக்கு 16 லிட்டர். அந்த விகிதத்தில் நம் இரண்டடித் தொட்டிக்கு மூன்றே மீன் வரும். அவ்வளவு கறாராக இருக்கத் தேவையில்லைதான். ஆனால் நிறைவாகத் தெரிய நெரிசல் தேவையில்லை என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

நெரிசலையே உத்தியாகக் கொண்டவர்களும் உண்டு. ஆப்பிரிக்காவின் மலாவி ஏரி சிக்லிட் மீன்கள் பொல்லாத சண்டைக்காரர்கள். வேண்டுமென்றே அதிகம் விட்டால் அடி ஒன்றின் மேலேயே விழாமல் பரவுகிறது. பெரிய தொட்டியும் வலுவான ஃபில்டரும் உள்ளவர்களின் விளையாட்டு அது.

மீனின் சுபாவமும் எண்ணிக்கையைத் தீர்மானிக்கும். கடையின் ஜோடி இங்கே அடிபட்டுப் போகிறது. ஃபைட்டர் ஆண் என்றால் ஒன்றுதான், இன்னோர் ஆண் ஆகாது. ஆறுக்குக் குறைந்தால் டெட்ரா மிரண்டு மூலையில் ஒதுங்கும், டைகர் பார்ப் பக்கத்து மீனின் துடுப்பைக் கடிக்கும். ஒரு கப்பி ஜோடி எப்போதும் ஜோடியாக நிற்காது. ஏறக்குறைய மாதத்துக்கு ஒருமுறை குஞ்சு போடும் பெண் கப்பி, சேர்த்து வைத்த விந்தணுவைக் கொண்டு ஆண் இல்லாமலும் பல மாதம் அதைத் தொடரும். கோல்டு ஃபிஷ் இரண்டங்குலத்தில் வாங்கினாலும் அரையடியைத் தாண்டும், கழிவும் அதிகம். இரண்டடித் தொட்டி அதற்குச் சிறைதான். டேங்க் கிளீனர் என்று தலையில் கட்டப்படும் சக்கர் மீன் ஓரடிக்கும் மேல் வளர்ந்து, தொட்டியைவிட்டு ஏரிக்குத் துரத்தப்பட்டு, அங்கே உள்ளூர் மீன்களின் இடத்தைப் பிடிக்கிறது.

அந்த இரண்டடித் தொட்டிக்கு எட்டு ஜீப்ரா டேனியோவும் ஒரு சின்ன கௌராமியும் போதும். ஜீப்ரா நம் துணைக்கண்டத்து மீன், கடினமானது, கூட்டமாக ஓடும். கௌராமி மேற்பரப்புக்கு வந்து காற்றை நேரடியாகவே சுவாசிக்கும். முதல் நாளே ஒன்பதையும் வாங்க வேண்டாம். நான்கு ஜீப்ராவை விட்டு, தீனியைக் கிள்ளிப் போட்டு, வாரம் ஒருமுறை கால் பங்குத் தண்ணீரை மாற்றுங்கள். ஒன்றரை மாதம் கழித்து அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் என்று டெஸ்ட் கிட் காட்டிய பிறகு, மிச்ச நான்குக்கும் கௌராமிக்கும் கொளத்தூர் போகலாம்.